பெயர் இல்லாமல் ஒரு சம்மன்

அன்புள்ள ஐயா,
சுவிஸ் வங்கி ரகசியத்தை அமெரிக்கா உடைத்ததாக எழுதியிருந்தீர்கள். கணக்கு யாருடையது என்றே தெரியாதபோது, யார் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்? வங்கி ஏன் கொடுத்தது?
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

பெயர் சொல்லாமல்தான் கேட்டார்கள். அங்குள்ள வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் 'ஜான் டோ சம்மன்' என்று ஒன்று உண்டு; பெயர் தெரியாதவரை அங்கே 'ஜான் டோ' என்பார்கள். அதற்கு வழிவிட்ட வழக்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிறுநகர வங்கியில் தொடங்கியது. 1970இல் அந்த வங்கி இருமுறை தலா 20,000 டாலரை அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு அனுப்பியது. அத்தனையும் நைந்து காகிதமாய் மெலிந்த 100 டாலர் நோட்டுகள். எங்கோ பதுங்கிக் கிடந்த பணம் என்று சந்தேகம்; கட்டியவர் யார் என்று கேட்டு வங்கிக்கு சம்மன் போனது. 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. மறுவருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கடிவாளம் போட்டது: முதலில் நீதிபதியின் அனுமதி வேண்டும். விசாரணை ஒரு குறிப்பிட்ட வகையினரைப் பற்றியது, அவர்கள் சட்டத்தை மீறியிருக்க நியாயமான காரணம் உண்டு, தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பே இல்லாத விசாரணை என்பதால் அனுமதி வாங்குவது பெரும்பாடில்லை. அதை அமல்படுத்துவதில்தான் இழுபறி.

சுவிட்சர்லாந்தின் யுபிஎஸ் வங்கி மீதான சம்மனுக்கு மயாமி நீதிமன்றம் 2008 ஜூலையில் அனுமதி கொடுத்தது. 'நியாயமான காரணம்' வங்கியின் முன்னாள் அலுவலர் பிராட்லி பர்கன்ஃபெல்ட் கொடுத்த தகவலிலிருந்து வந்தது. (அவருக்குச் சிறையும் கிடைத்தது, தகவல் கொடுத்ததற்காக 2012இல் 10.4 கோடி டாலர் வெகுமதியும் கிடைத்தது.) பெயர்களைக் கொடுத்தால் 1934ஆம் வருட சுவிஸ் வங்கிச் சட்டத்தில் ரகசியத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கும் 47ஆம் பிரிவு பாயும், கொடுக்காவிட்டால் அமெரிக்க நீதிமன்றம். வெறுமனே வருமானத்தைக் காட்டாமல் விடுவது அன்றைய சுவிஸ் சட்டத்தில் கிரிமினல் குற்றமில்லை. போலி ஆவணம் போன்ற மோசடி இருந்தால்தான் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அமெரிக்காவுக்கு உதவி கிடைக்கும்.

ஆனால் யுபிஎஸ்ஸுக்கு அமெரிக்காவில் பெரிய வியாபாரம் இருந்தது. கிரிமினல் வழக்கு நடந்திருந்தால் அந்த வியாபாரம் தாங்கியிருக்காது. 2009 பிப்ரவரியில் 78 கோடி டாலரும் 250 சொச்சம் பெயர்களும் கொடுத்து அதிலிருந்து தப்பியது. மறுநாளே 52,000 கணக்குகள் கேட்டு அமெரிக்க அரசின் சிவில் வழக்கு. ஆகஸ்டில் 4,450 கணக்குகளுக்கு சமரசம். அதற்கும் சுவிஸ் நீதிமன்றம் 2010 ஜனவரியில் முட்டுக்கட்டை போட, ஜூனில் சுவிஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து வழிவிட்டது.

என்னைக் கேட்டால், அறுவடை அந்த 4,450இல் இல்லை. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. 2009 அக்டோபர் கெடுவுக்குள் ஏறக்குறைய 15,000 பேர் தாங்களாகவே வந்து கணக்கைக் காட்டினார்கள். அப்படி வந்தவருக்கு, வரியும் வட்டியும் போக, ஆறு வருடத்தில் கணக்கிலிருந்த உச்சத் தொகையில் 20 சதவீதம் அபராதம். வராமல் மாட்டினால், அன்றைய விதிப்படி வேண்டுமென்றே மறைத்ததற்கு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் அல்லது இருப்பில் பாதி, எது அதிகமோ அது. மூன்று வருடம் சேர்ந்தால் அபராதம் கணக்கிலிருக்கும் பணத்தையே தாண்டிவிடும்.