வாசகர் கேள்வி – பதில்: விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த பிறகு

கேள்வி: ஆண்டுதோறும் மே மாதத்தில் எங்கள் சபையில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். சபைப் பிள்ளைகளோடு சுற்றுத் தெருக்களிலிருந்து மற்ற பிள்ளைகளும் திரளாக வருகிறார்கள். நிறைவு நாளில் பரிசு வாங்கிச் செல்பவர்களை அடுத்த மே மாதம்தான் மறுபடி பார்க்கிறோம். அந்தக் குடும்பங்களோடு உறவு நிலைக்க என்ன செய்யலாம்?
– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் வருகைப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேருடைய வீட்டுக்கு உங்கள் ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள் என்பதை முதலில் கணக்கெடுங்கள். பல ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளை நம்மிடம் வந்துபோவதாலேயே அதன் தாய் தகப்பனுக்கு நாம் அறிமுகமாகிவிடுவதில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், இரண்டிரண்டு ஆசிரியர்களாகப் புறப்பட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது, புத்தகப் பை இருக்கிறதா, உடம்புக்கு எப்படியிருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள். அந்தச் சந்திப்பில் பிரசங்கம் வேண்டாம்.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கமே தெருவை நோக்கிச் சென்றதுதான். 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் கவனிப்பாரின்றித் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஹாஸ் என்னும் அம்மையார் ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வேதாகமப் பள்ளி நடத்தினார். 1901 முதல் ராபர்ட் போவில் என்னும் பாப்திஸ்து ஊழியர் கல்லூரி மாணவர்களை ஆசிரியர்களாகச் சேர்த்துக்கொண்டு அதை நகரின் மற்ற பகுதிகளுக்கும் விரிவாக்கினார். நாமோ பெரும்பாலும் ஆலய வளாகத்துக்குள்ளேயே நடத்துகிறோம்; அதில் தவறில்லை, ஆனால் பவனி போகும் ஒரு நாள் மட்டுமே அந்தத் தெருக்களில் நடக்கிறோம் என்றால் அங்கே நாம் விருந்தாளிகள்தாம்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. நம்முடைய நிகழ்ச்சிகளில் சபை எப்போதும் கொடுக்கும் இடத்திலும், அக்கம்பக்கத்தார் எப்போதும் வாங்கும் இடத்திலும் இருக்கிறார்கள். பரிசு, சுண்டல், நோட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. வாங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு நன்றி இருக்கும், உரிமை இருக்காது. ஆகவே நீங்களும் அவர்களிடம் உதவி கேளுங்கள். நாடகத்துக்கு அங்கி தைக்க அந்தத் தெருவிலேயே தையல் தெரிந்த ஒரு தாய் இருப்பார். பந்தல் போடவும் ஒலிபெருக்கி கட்டவும் தெரிந்தவர் இருப்பார். கோலம், கும்மி, பழைய விளையாட்டு ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க ஒரு பாட்டி இருப்பார். இவர்களை அழைத்து, பிள்ளைகள் முன்னிலையில் மரியாதையோடு நடத்தி, வேலைக்குரிய கூலி உண்டென்றால் அதையும் குறையாமல் கொடுங்கள். நவம்பர் மாதப் பாலர் ஞாயிறுக்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கும் இதே குடும்பங்களை முன்வரிசையில் உட்காரவைத்தால், மே மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையிலான இடைவெளி தானாகவே குறையும்.

மாற்று மதக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு கூடவே கூடாது. என்ன பாட்டு, என்ன கதை, என்ன ஜெபம் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லி, அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பாட்டும் விளையாட்டும் மட்டும் போதும் என்று ஒரு தாய் சொன்னால் அதை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியறையில் இருக்கலாகாது. பிள்ளைகளுக்கெதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். சபையின் பெயரைக் காப்பதற்காக அதை மூடி மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

கேள்வி: ஆலயக் கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாட வகுப்பு நடத்த வாலிபர்கள் விரும்புகிறார்கள். கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது சபையின் வேலையல்ல என்று சில மூப்பர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், நாசரேத்

பதில்: வாலிபர்கள் சொல்வதே சரி. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகை நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல், நாம் ஓய்வுநாள் பள்ளி என்று அழைக்கும் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாளாக இருந்தது. அவர்களுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே அப்பள்ளியின் முதல் வேலையாக இருந்தது, வேதாகமமே வாசிப்புப் புத்தகமாகவும் பயன்பட்டது. ஓய்வுநாளில் பாடம் நடத்துவது கட்டளையை மீறுவதாகும் என்று அன்றைக்கும் பக்திமான்கள் சிலர் எதிர்த்தார்கள். 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வருவதற்கு முன்பு, அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்தறிவு கிடைத்த இடம் இந்த வகுப்புகள்தாம். உங்கள் மூப்பர்கள் காக்க நினைக்கும் ஓய்வுநாள் பள்ளி அப்படிப் பிறந்தது என்பதை அவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் சேர ஆராதனைக்கு வந்தாக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் வைக்காதீர்கள். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்து, பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிட ஆள் ஏற்பாடு செய்துவிட்டே முதல் வகுப்பைத் தொடங்குங்கள்.