பழைய கேப்டன் விசிலைத் தரமாட்டேங்கறான்: சம்மர் கேம்ப் சண்டையை எப்படித் தீர்க்கிறது?

வாசகி ஒருத்தர் கேட்டிருக்கிற கேள்வி இது, கொஞ்சம் சுருக்கிப் போடறேன்:

"நாங்க சில நண்பர்கள் சேர்ந்து ஒவ்வொரு மே மாசமும் ஏலகிரியில பத்து நாள் தங்குற மாதிரி சம்மர் கேம்ப் நடத்துறோம். எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அறுபது பசங்க. பாதிப்பேர் சென்னையில ஒரே ஸ்கூல், மீதிப்பேர் திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கத்து அரசுப் பள்ளிப் பசங்க, இவங்களை ரெண்டு வருஷமாதான் சேர்க்கிறோம். அடுத்த வருஷ கேப்டன் யாருன்னு இந்த வருஷ கேப்டன்தான் சொல்வான், கடைசி ராத்திரி கேம்ப்ஃபயர்ல தன் விசிலைக் கழட்டி அவன் கழுத்துல போடுவான், அதான் பழக்கம். இந்த மே மாசம் புதுசா வந்தவங்க எலெக்‌ஷன் கேட்டாங்க, வெச்சோம், வாணியம்பாடி பொண்ணு ஒருத்தி ஜெயிச்சா. பழைய கேப்டன் விசிலைத் தராம வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிட்டான், வாட்ஸப் குரூப் ரெண்டா உடைஞ்சிடுச்சு. இன்னொரு பிரச்சினை, மூணாவது நாள் நடுராத்திரி புதுப் பசங்களை எழுப்பி பச்சைத்தண்ணி ஊத்தி பாட்டு பாட வைப்பாங்க. இந்தத் தடவை வீசிங் இருக்கிற ஒரு எட்டாவது பையனுக்கு மூச்சு திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதை நிறுத்தப்போறோம்னா, 'அப்புறம் அது கேம்ப்பே இல்லக்கா'ன்னு பெரிய பசங்க சொல்றாங்க. எதை விடறது, எதைப் பிடிக்கிறது?"

முதல்ல தண்ணி விஷயம். இதுக்கு ஓட்டெடுப்பு வேணாம், பசங்ககிட்ட கருத்து கேக்கவும் வேணாம், நீங்க பெரியவங்க உக்காந்து நிறுத்திட்டு, நிறுத்திட்டோம்னு சொல்லணும், அவ்வளவுதான். தூக்கக் கலக்கத்துல இருக்கிற பதிமூணு வயசுப் பையன், சுத்தி இருபது சீனியர் நிக்கும்போது 'எனக்கு வேணாம்ணா'ன்னு சொல்லவே முடியாது. அவன் சிரிச்சுக்கிட்டே பாடினான்னு யாராவது சொன்னா அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க, அந்த இடத்துல சிரிக்கிறதைத் தவிர அவனுக்கு வேற வழி இல்ல.

சட்டமும் உங்களைத்தான் பொறுப்புன்னு கை காட்டும். 1996-ல அண்ணாமலை பல்கலைக்கழகத்துல நாவரசுங்கிற மருத்துவ மாணவர் கொலையான அப்புறம்தான் 1997-ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்தது, அது முக்கியமா கல்வி நிறுவனங்களைப் பத்தினது, நாங்க நடத்துறது தனியார் கேம்ப்தானேன்னு உங்களுக்குத் தோணலாம். ஆனா 2015-ம் வருஷ சிறார் நீதிச் சட்டத்துல 75-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு குழந்தை யார் பொறுப்புல இருக்கோ அவங்க அந்தக் குழந்தையைத் துன்புறுத்தினாலோ, உடம்புக்கோ மனசுக்கோ கெடுதல் வர்ற மாதிரி வேணும்னே கவனிக்காம விட்டாலோ மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் ரூபா அபராதம், இல்ல ரெண்டுமே. தண்ணி ஊத்தினது பசங்களா இருக்கலாம், பொறுப்பு எழுதி வாங்கிக்கிட்டது நீங்க. மூச்சு திணறினது உங்க கேம்ப்ல ஏற்கெனவே நடந்துடுச்சு, இனிமே தெரியாதுன்னு சொல்ல வழியில்ல.

நிறுத்தறதோட விடாம, அந்தப் பெரிய பசங்க ஏன் இதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுறாங்கன்னும் புரிஞ்சுக்கணும், ஏன்னா அவங்க கெட்டவங்க இல்ல. 1959-ல அமெரிக்காவுல எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. கல்லூரிப் பொண்ணுங்களை ஒரு கலந்துரையாடல் குழுவுல சேர்த்துக்கிறதுக்கு முன்னாடி சில பேரை ரொம்ப சங்கடப்படுத்துற வார்த்தைகளை சத்தமா படிக்க வெச்சாங்க, சில பேருக்கு லேசான சோதனை, சில பேருக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் எல்லாருக்கும் அந்தக் குழுவோட பேச்சைப் போட்டுக் காட்டினாங்க, வேணும்னே சுத்த போரா தயாரிச்ச பேச்சு. ரொம்ப சங்கடப்பட்டு உள்ள வந்தவங்கதான் அந்தக் குழுவை ரொம்பப் பிரமாதம்னு சொன்னாங்க. கஷ்டப்பட்டு வாங்கினதை மட்டம்னு ஒத்துக்க மனசு வராது, அதான் விஷயம். உங்க சீனியர் பசங்களும் எட்டாவதுல நடுங்கிக்கிட்டே பாடினவங்கதான், இப்ப அது தப்புன்னு நீங்க சொன்னா அன்னைக்கு அவங்க பட்டது வீண்னு ஆகுது. அதனால திட்டாதீங்க. 'உன்னை எழுப்பி தண்ணி ஊத்தும்போதே நாங்க தடுத்திருக்கணும், தடுக்கல, அது எங்க தப்பு'ன்னு பெரியவங்க யாராவது ஒருத்தர் அவங்க முகத்தைப் பாத்து சொல்லுங்க, பாதி வீராப்பு அங்கேயே இறங்கிடும்.

அந்த மூணாவது ராத்திரியை காலியாவும் விடாதீங்க, விட்டா அந்த இடத்துல பழசு திருட்டுத்தனமா திரும்பி வந்துடும். அந்த ராத்திரியை பதினொண்ணு, பன்னெண்டாவது பசங்க கையிலயே கொடுங்க, புதுசா வந்தவங்களை வரவேற்க நீங்களே ஒண்ணு யோசிங்கன்னு சொல்லுங்க, ரெண்டே ரெண்டு நிபந்தனை போடுங்க. ஒண்ணு, வேணாம்ங்கறவன் வேணாம்னு சொல்லிட்டு நிம்மதியா தூங்கலாம், மறுநாள் அதைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. ரெண்டாவது, புதுப் பசங்க என்ன பண்றாங்களோ அதையே சீனியர்களும் கூட நின்னு பண்ணணும். நான் பார்த்த ஒரு கேம்ப்ல விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சூரியன் வர்றதைப் பாக்க வெச்சாங்க, சீனியர்கள் சுக்கு காபி போட்டு ஃப்ளாஸ்க்ல சுமந்துக்கிட்டு வந்தாங்க. நடுராத்திரி த்ரில்லும் கிடைச்சது, யாருக்கும் மூச்சும் வாங்கல.

இப்ப விசில். இங்க நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன், எலெக்‌ஷன் நீங்க வெச்சது, அந்தப் பொண்ணு ஜெயிச்சது, அதனால அடுத்த வருஷ கேப்டன் அவதான். சமாதானத்துக்காக ரெண்டு கேப்டன் வெச்சுக்கலாம், மறு எலெக்‌ஷன் வெக்கலாம்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. அப்படிப் பண்ணா உங்க வார்த்தைக்கு அந்தக் கேம்ப்ல மதிப்பே இருக்காது, அதைவிட முக்கியமா, அரசுப் பள்ளியில இருந்து வந்த முப்பது பசங்களும் ஒரு பாடம் கத்துக்கிட்டுப் போவாங்க, ஜெயிச்சாலும் தரமாட்டாங்கன்னு. பழைய பையன்கிட்ட வாட்ஸப்புல எதுவும் பேசாதீங்க, நேர்ல போங்க, 'நீ குடுத்தாதான் அழகா இருக்கும், வந்து உன் கையால குடு'ன்னு கேளுங்க. தந்தா சந்தோஷம். தரலைன்னா கெஞ்ச வேணாம், கடையில ஒரு விசில் வாங்குங்க. முப்பது ரூபா பொருள்ல அதிகாரம் இருக்குன்னு அவன் நினைக்கிறதுக்கு நீங்களும் துணை போகக்கூடாது.

அவன் ஏன் தரலைன்னும் கேட்டுப் பாருங்க. 'அவளுக்கு கேம்ப் பாட்டே தெரியாது'ன்னு ஒரு பதில் வரும்னு நினைக்கிறேன். நல்லா கவனிங்க, உங்க கேம்ப் பாட்டு எத்தனை இங்கிலீஷ்ல இருக்கு, எத்தனை அந்தச் சென்னை ஸ்கூல் அசெம்பிளியில இருந்து வந்தது, கோஷமெல்லாம் யாரோட ஸ்கூல் ஜோக்? பாரம்பரியம்னு நீங்க சொல்றது வாணியம்பாடி பொண்ணுக்கு பூட்டின கதவு மாதிரி இருக்கும், சாவி ஒரே ஸ்கூல் பசங்க பாக்கெட்டுல. சண்டை கேப்டன் பதவிக்கு இல்ல, இது யாரோட கேம்ப்ங்கிறதுக்குத்தான் சண்டை, விசிலும் தண்ணியும் அதுக்கு சாக்கு. பொண்ணு கேப்டன்ங்கிறதும் சில பேருக்கு உறுத்துதாங்கறதையும் மழுப்பாம நேராவே கேட்டுடுங்க.

இதுல பசங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, ரெண்டு கேம்ப்பா பிரிச்சது அநேகமா நீங்கதான். முதல் நாள் ரூம் எப்படிக் குடுத்தீங்க? சென்னை பஸ் முதல்ல வந்துச்சு, அவங்க ஒரு டார்மிட்டரி, திருப்பத்தூர் வேன் அப்புறம் வந்துச்சு, அவங்க இன்னொண்ணு, இப்படித்தானே? 1954-ல முசாஃபர் ஷெரீஃப்ங்கிற உளவியலாளர் அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல ராபர்ஸ் கேவ்ங்கிற இடத்துல இதையேதான் வேணும்னே பண்ணிப் பாத்தார். பதினோரு வயசு வாக்குல 22 பசங்க, ரெண்டு குழு, முதல் சில நாள் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே விடல, அப்புறம் போட்டி வெச்சாங்க. பேஸ்பால், கயிறு இழுக்கிற போட்டின்னு ஆரம்பிச்சு, கொடியை எரிக்கிறது, ராத்திரி கேபினுக்குள்ள புகுந்து சாமானை வாரிப்போடறதுன்னு போயிடுச்சு. ஒண்ணா உக்காந்து சாப்பிட வெச்சா சரியாயிடும்னு பாத்தா சாப்பாட்டை எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசினாங்க. கடைசியில தண்ணி வர்றது நின்னு போச்சுன்னு எல்லாரும் சேர்ந்து தேடி சரிபண்ண வேண்டி வந்தது, நின்னுபோன லாரியை கயிறு கட்டி சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினாங்க, ஒரே பஸ்ல ஊருக்குத் திரும்பினாங்க. அதுக்கு முந்தின வருஷம், 1953-ல, இதே ஷெரீஃப் நியூயார்க் மாநிலத்துல இதே மாதிரி முயற்சி பண்ணி தோத்துப்போனார், ஏன்னா அந்தப் பசங்களை முதல்ல ஒண்ணா இருக்க விட்டுட்டு அப்புறம் பிரிச்சார், ஏற்கெனவே ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டவங்க எவ்வளவு தூண்டிவிட்டும் அவர் எதிர்பார்த்த மாதிரி சண்டை போடல. இந்த ஆராய்ச்சி பசங்களை ஏமாத்தி பண்ணது, அந்த வகையில எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா கேம்ப் நடத்துறவங்களுக்கு இதைவிட தெளிவா யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல. முதல் ராத்திரியே ரெண்டு ஊர்க்காரங்களையும் கலந்து படுக்க வைங்க. முதல் அஞ்சு நாளுக்கு ஸ்கூல் வாரியா எந்தப் போட்டியும் வேணாம், கபடி கூட வேணாம். ஃப்ரெண்ட்ஷிப் கேம் எல்லாம் நடத்தாதீங்க, பசங்களுக்கு அது நடிப்புன்னு தெரிஞ்சுடும், நிஜமாவே செஞ்சாகணும்ங்கிற வேலையைக் குடுங்க, அறுபது பேருக்கு காய் நறுக்கறது, தண்ணி லாரி வரும்போது ட்ரம் நிரப்பறது மாதிரி.

கேப்டன் முறைக்கும் ஒரு வார்த்தை. அறுபது பேருக்கு ஒரே கேப்டன்ங்கிறதே எனக்கு சரியாப் படல. ஒருத்தன் கைகாட்டினா வாரிசு முறை, ஒன்பது நாள் பழக்கத்துல ஓட்டுப் போட்டா எந்த ஸ்கூலுக்கு ஆள் அதிகம்ங்கிற கணக்கு. 1907 ஆகஸ்ட்ல பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்ஸீ தீவுல முதல் சாரணர் கேம்ப் போட்டப்போ, ஈட்டன், ஹாரோ மாதிரி பெரிய இடத்துப் பள்ளிப் பசங்களையும் பக்கத்து ஊர் சாதாரண வீட்டுப் பசங்களையும் ஒண்ணா சேர்த்து, இருபது பேர் வாக்குல, நாலு பேட்ரோலா பிரிச்சார், ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூங்கிற கடற்கரைப் பறவைன்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு லீடர். இன்னைக்கும் சாரணர் இயக்கம் அந்தச் சின்னக் குழு முறையிலதான் ஓடுது. நீங்களும் அறுபது பேரை எட்டு குழுவா பிரிங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஊர்க்காரங்களும் எல்லா வகுப்புக்காரங்களும் இருக்கட்டும். முதல் ரெண்டு நாள் லீடரே வேணாம், மூணாவது நாள் அந்தந்தக் குழு ஒருத்தரை சொல்லட்டும், ஏழாவது நாள் ஆளை மாத்துங்க. பதினாறு பேர் லீடரா இருந்துட்டு வீட்டுக்குப் போவாங்க.

தினம் ராத்திரி சாப்பிட்டப்புறம் அந்த எட்டு லீடர்களும் கேப்டனும் இருபது நிமிஷம் உக்காரணும், சாரணர்ல இதை கோர்ட் ஆஃப் ஹானர்னு சொல்வாங்க. பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கலாம், ஆனா கடைசியாதான் பேசணும். இதுல நிஜமான முடிவு எடுக்க விடணும். ஒரு கேம்ப்ல இப்படி ஒரு கூட்டத்துல நானும் உக்காந்திருந்தேன், காலையில வெந்நீர் கடைசி குழுவுக்கு வர்றதுக்குள்ள தீர்ந்துடுதுன்னு பெரிய தகராறு, ஆளாளுக்கு கத்தினாங்க, அதுவரைக்கும் வாயே திறக்காத ஒரு ஒன்பதாவது பொண்ணு சார்ட் பேப்பர்ல வரிசை எழுதி, இன்னைக்கு கடைசியா குளிக்கிற குழு நாளைக்கு முதல்லன்னு அம்புக்குறி போட்டுக் காட்டினா. அந்த சார்ட் கேம்ப் முடியற வரைக்கும் பாத்ரூம் கதவுல ஒட்டியிருந்தது, மறுநாள்ல இருந்து அவகிட்ட கேக்காம யாரும் பக்கெட்டைத் தூக்கல. இப்படி வர்ற மரியாதைக்கு விசில் தேவையில்ல.

பழைய கேப்டனுக்கும் ஒரு இடம் வேணும், கேம்ப் முடிஞ்ச மறுநாளே அவன் யாரோ ஆயிடறான், அந்த வலி நிஜம். லீடர்களுக்கு முடிச்சுப் போடவும் அடுப்பு மூட்டவும் சொல்லித்தர ரெண்டு நாள் வரச்சொல்லுங்க. ஆனா பதினெட்டு தாண்டின முன்னாள் பசங்க ராத்திரி டார்மிட்டரியில தங்கக்கூடாது, எவ்வளவு நல்ல பையனா இருந்தாலும் சரி.

பழக்க வழக்கத்துக்கு ஒரு நோட்டு போடுங்க, என்ன பழக்கம், எந்த வருஷம் ஆரம்பிச்சது, ஏன் பண்றோம். ஏன்ங்கிற இடத்துல எழுத ஒண்ணும் வரலைன்னா அது போகட்டும். ஒவ்வொரு வருஷமும் புதுசா வந்தவங்க ஒரு புதுப் பழக்கத்தை சேர்க்கணும், திருப்பத்தூர் பசங்ககிட்ட தெம்மாங்கு கேட்டுப் பாருங்க, உங்க கேம்ப்ஃபயரே மாறிடும். பழைய பாட்டையெல்லாம் அச்சடிச்சு முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடுங்க.

இந்த ஜூன்லயே பண்ண வேண்டியது, முதல் போன் அந்த வீசிங் பையனோட அப்பா அம்மாவுக்கு, என்ன நடந்ததுன்னு மறைக்காம சொல்லி மன்னிப்பு கேளுங்க, ரெண்டாவது ஜெயிச்ச பொண்ணுக்கு, மூணாவதுதான் பழைய கேப்டன் வீட்டுக்கு. உடைஞ்ச வாட்ஸப் குரூப்பை ஒட்ட வைக்க மெனக்கெடாதீங்க, அட்மின் மட்டும் பேசற மாதிரி மாத்திடுங்க. அடுத்த ஏப்ரல்ல பெற்றோருக்கு அனுப்புற கடிதத்துல ராத்திரி நிகழ்ச்சி உட்பட பத்து நாளும் என்ன நடக்கும்னு முழுசா எழுதுங்க, கூடவே மெடிக்கல் ஃபார்ம், இன்ஹேலர் இருக்கிற பசங்க பேரு பட்டியல் ரெண்டு பெரியவங்க கையில எப்பவும் இருக்கணும், கடிதத்துக்கு அடியில குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் போடுங்க, பசங்க கண்ணுல படற மாதிரி டார்மிட்டரி சுவத்துலயும் ஒட்டுங்க.