குழிக்குள் படுத்தவர் என்ன ஆனார்?

கேள்வி: நண்பன் சொன்னானே என்று ‘செர்ரியின் சுவை’ என்ற ஈரானியப் படத்தை மொபைலில் பார்த்தேன். காரில் பேச்சு, பேச்சு, பேச்சு. பொறுக்க முடியாமல் நடுவில் கொஞ்சம் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் ஹீரோ குழிக்குள் படுக்கிறார். மழை, இருட்டு. அடுத்து திடீரென்று கேமரா, மைக், படப்பிடிப்புக் குழு! சாகப் போனவரே நடந்து வந்து இயக்குநருக்குச் சிகரெட் கொடுக்கிறார். ஆள் செத்தாரா, பிழைத்தாரா? முடிக்கத் தெரியாமல் ‘மேக்கிங் வீடியோ’வை ஒட்டிவிட்டார்களா? பி.கு.: படத்தில் செர்ரியே வரவில்லையே, பெயர் மட்டும் ஏன் அப்படி?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கும்பகோணம்)

பதில்: செத்தாரா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. படம் எடுத்த அப்பாஸ் கியாரோஸ்தமி சொல்லவில்லை, 2016-இல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ‘ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்’ என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. பூட்டை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். சாவி நீங்கள் ஓட்டிவிட்ட இடத்தில் கிடக்கிறது.

முதலில் ஒரு ஆறுதல். இந்த முடிவில் எரிச்சலானவர் நீங்கள் மட்டுமல்ல. 1997-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை விருதை ஜப்பானியர் இமாமுராவின் படத்தோடு பகிர்ந்துகொண்ட படம் இது. அதற்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபெர்ட் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தார். அவருக்கும் இந்தக் கடைசிக் காட்சி பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டிப் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பதீ என்ற நடுவயதுக்காரர் தெஹ்ரானின் புறநகர் மேடுகளில் காரை ஓட்டிக்கொண்டே ஆள் தேடுகிறார். தன் குழியைத் தானே தோண்டி வைத்துவிட்டார். இரவு சாவதற்காக அதில் போய்ப் படுப்பார். விடிந்ததும் ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். வராவிட்டால் இருபது மண்வெட்டி மண் தள்ள வேண்டும். கூலி இரண்டு லட்சம் தோமான். ஏன் சாக வேண்டும் என்று அவர் கடைசிவரை சொல்வதே இல்லை. குர்திஷ் சிப்பாய்ப் பையன் பயந்து ஓடிவிடுகிறான். ஆப்கானிய மதப் பள்ளி மாணவர் தற்கொலை பாவம் என்கிறார், கூடவே முட்டை சாப்பிட வாருங்கள் என்று அழைக்கிறார் (எனக்கு மிகவும் பிடித்த இடம், வேதாந்தமும் ஆம்லெட்டும் ஒரே மூச்சில்). மூன்றாமவர் பாகேரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பதப்படுத்துகிற கிழவர். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பணம் தேவை. ஒப்புக்கொள்கிறார்.

அவரை இறக்கிவிட்டுப் போன பதீ, சற்று நேரத்தில் பதறிப்போய் அருங்காட்சியகத்துக்கே திரும்ப ஓடிவருகிறார். கிழவரை வெளியே கூப்பிட்டு ஒன்று சொல்கிறார்: காலையில் வரும்போது இரண்டு சின்னக் கல் எடுத்து என் மேல் போட்டுப் பாருங்கள், நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டு போதாது, மூன்று போடுகிறேன் என்கிறார் கிழவர். தோளைப் பிடித்து உலுக்குங்கள், ஒருவேளை உயிரோடு இருப்பேன் என்கிறார் பதீ.

இதைத்தானே ஐயா ஓட்டினீர்கள்? முழு நாளும் மண் தள்ள ஆள் தேடியவர், இங்கே எழுப்பிவிட ஆள் கேட்கிறார். அழவில்லை, மனம் மாறிவிட்டேன் என்று வசனம் பேசவில்லை. வெறும் இரண்டு கல். இந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, குழிக்குள் படுத்தபின் ‘செத்தாரா’ என்பது பெரிய கேள்வியாக இருக்காது. காலையில் கல் விழுமா, யாராவது வருவார்களா என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

அப்புறம் வருகிறது அந்த இருட்டு. மின்னல் வெட்டும்போது மட்டும் முகம் தெரிகிறது, பிறகு அதுவும் இல்லை. திரை கறுப்பாகவே கிடக்கிறது, மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்தக் குழிக்குள் தாங்களும் கிடப்பது போல இருக்கும். மொபைலில் கறுப்புத் திரை என்றால் உங்கள் முகம்தான் தெரிந்திருக்கும். அதுவும் மோசமில்லை.

பிறகு விடிகிறது. அந்த ‘மேக்கிங் வீடியோ’வை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அதே மேடுதான். ஆனால் படம் முழுக்க வறண்டு பழுப்பாகக் கிடந்த மண் இப்போது பச்சைப்பசேல் என்று இருக்கிறது. சிப்பாய்கள் எண்ணிக்கை சொல்லிக்கொண்டு ஓடிவருகிறார்கள். தொடக்கத்தில் அந்தப் பையனிடம் பதீ, பட்டாளத்தில் இருந்த காலம்தான் வாழ்க்கையிலேயே நல்ல காலம், இப்படித்தான் எண்ணிக்கொண்டு ஓடுவோம் என்று ஆசையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பகுதியை ஓட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கியாரோஸ்தமி வாக்கி டாக்கியில், வேலை முடிந்தது, மரத்தடியில் இளைப்பாறட்டும் என்று சிப்பாய்களுக்குச் சொல்லச் சொல்கிறார். அதுவரை பின்னணி இசையே வராத படத்தில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் ஒலிக்கிறது. மருத்துவமனையில் காதலியின் பிணத்தைப் பார்த்தவன் பாடுகிற பாட்டு அது. இங்கே வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். சாவுப் பாட்டு, பச்சைப் புல், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன்கள். முடிக்கத் தெரியாதவர் கை தவறி ஒட்டியது மாதிரியா இருக்கிறது?

பதீக்கு ஒரு காலை பாக்கி இருந்தது. அதைக் கதைக்குள் கொடுத்தால் இரண்டே வழிதான்: பிணம், அல்லது புத்தி தெளிந்து எழுந்து வரும் நல்ல பிள்ளை. முதலாவதைக் கொடுத்தால் கிழவரின் கல் வீண். இரண்டாவதைக் கொடுத்தால் படம் தற்கொலைத் தடுப்புச் சுவரொட்டி. அதனால் கியாரோஸ்தமி விடியலை மட்டும் கொடுத்துவிட்டு, தீர்ப்பைக் கொடுக்காமல் விட்டார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதலாம், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

‘இது நடிப்புதான் என்று காட்டிவிட்டால் உருக்கம் போய்விடாதா’ என்று அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஈரானில் முஹர்ரம் காலத்தில் தஸியே என்று ஒரு நாடகம் போடுவார்கள், கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்ட கதை. நடிப்பவர் கையிலேயே வசனத் தாள் இருக்கும். நாடகத்தை நடத்துபவர் மேடையிலேயே நடமாடிப் பொருளை எடுத்துக் கொடுப்பார். ஒளிவுமறைவே கிடையாது. ஜனம் மட்டும் மாரில் அடித்துக்கொண்டு அழும். இதையே கியாரோஸ்தமி 2003-இல் ரோமில் மேடையேற்றியபோது, அழுகிற ஈரானியக் கிராமத்து முகங்களைச் சுற்றிலும் திரைகளில் காட்டினார். நமக்கும் இது புதிதா என்ன? கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே தன்னை யாரென்று சொல்லிக்கொண்டுதான் வருகிறான். கட்டியங்காரன் அவனையே கிண்டலும் செய்கிறான். அதற்காகப் பாஞ்சாலி துகிலுரியப்படும்போது யாரும் அழாமல் இருந்ததில்லை.

பி.கு.வுக்குப் பதில்: பாகேரி காரில் தன் கதையைச் சொல்கிறார். இளவயதில் கயிற்றோடு ஒரு மல்பெரி மரத்தில் ஏறியவர், கையில் பட்ட பழத்தைத் தின்று, இன்னொன்று தின்று, விடிந்துவிட, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மரத்தை உலுக்கிப் பழம் உதிர்த்துவிட்டு, மனைவிக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, செர்ரியின் சுவையைக்கூட விட்டுவிடப் போகிறாயா என்று பதீயைக் கேட்கிறார். படத்தில் செர்ரி வருவது அங்கேதான். அதையும் ஓட்டிவிட்டீர்கள்.