ஹெட்போன்ல குரல் மறையுது, வயலின் மட்டும் கேக்குது

பாட்டுல பழுதில்ல, ஹெட்போன் பின் முழுசா உள்ள போகல்ல. ‘ராக்கம்மா கையத் தட்டு’ல வயலின் எல்லாம் பரந்து கேக்குது, எஸ்.பி.பி. குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இரிக்கு எண்டு கேட்டிரிக்கீங்க, அது கிரவுண்ட், அதாவது ரெண்டு காதுக்கும் பொதுவான வயர்ட தொடுப்பு விட்டுப்போன அடையாளம். குரலும் பேஸ் எண்ட அடிச்சத்தமும் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவா வாறது, கிரவுண்ட் இல்லாட்டி ஒண்ட ஒண்டு கழிச்சிப்போடும், இடம் வலமா பிரிஞ்சி நிக்கிற வயலின்தான் மிஞ்சும்.

பெரும்பாலும் தடிச்ச போன் கவர்தான் காரணம். எனக்கும் கல்முனையில இருந்து மட்டக்களப்புக்கு வாற பஸ்ஸுல இதேதான் நடந்த, குனிஞ்சி பாத்தா பின்னுல ஒரு நெல்லுமணி அளவு வெளிய தெரியிது, கவரக் கழட்டி அமத்தினன், டிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான் குரல் நடுவுல வந்து நிண்டிச்சி, வயலினுக்கு அடியில பேஸ் நடக்கிறதும் கேட்டிச்சி, அந்த அடிச்சத்தம் இல்லாம இளையராஜாவக் கேக்கிறது பாதிப் பாட்டுக் கேக்கிற மாதிரி.

கவரக் கழட்டியும் சரிவரல்லயா, போன் செட்டிங்ல ரெண்டு காதுக்கும் ஒரே சத்தத்த அனுப்புற மோனோ ஓடியோவ ஓன் பண்ணிப் பாருங்க. மொத்தச் சத்தமும் செத்துப்போனா கிரவுண்ட்தான், மறுகா வயரப் பின்னுக்குக் கிட்ட மெல்ல வளைச்சிப் பாருங்க, உள்ளுக்க அறுந்திரிக்கும்.

ப்ளூடூத்திலயும் இப்பிடியே கேட்டா பின் இல்ல, பைல்தான், கரோக்கேக்காகக் குரல எடுத்த பைலா இரிக்கும்.

அதுவரைக்கும் குரல் கேக்கல்ல எண்டு சத்தத்தக் கூட்டிராதீங்க, தொடுப்பு திடீரெண்டு பிடிச்சா காதுக்குக் கேடு.