ஒல்லியாக ஒரு தேவதாரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி நர்சரியில் மூன்றடி தேவதாரு ஒன்று வாங்கினேன். அடிமரம் கட்டைவிரல் தடிமன், மேலிருந்து கீழ்வரை கிளைகள். இதை லிட்டராட்டி பாணியில் போன்சாயாக்க முடியுமா? எந்தக் கிளையை முதலில் வெட்டுவது?

தாராளமாக முடியும். ஆனால் முதலில் எந்தக் கிளையையும் வெட்டாதீர்கள்.

லிட்டராட்டி பாணியை ஜப்பானில் புன்ஜின் என்பார்கள். சீன அறிஞர்கள் மையால் தீட்டிய மலைக்காட்சிகளில் பாறை இடுக்கில் தனியாக நிற்கும் பைன் மரங்கள்தான் இதற்கு மூலம். மற்ற பாணிகளில் வேர்ப்பரப்பு, பருத்த அடிமரம், அடுக்கடுக்கான கிளைகள் என்று பலதும் பார்ப்போம். இதில் அடிமரம் போகும் கோடுதான் உயிர். கீழே மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்டு, உச்சியில் நாலைந்து கிளை, அவ்வளவுதான். நெருக்கமான காட்டில் வெளிச்சத்தைத் தேடி உயர்ந்த மரத்துக்கு இதுவே இயல்பு. நிழலில் மாட்டிய கீழ்க்கிளைகள் தாமாகவே காய்ந்து உதிர்ந்துவிடும். அதனால் பருக்காமல் நெடுநெடுவென்று வளர்ந்த செடி வேறு பாணிக்கு உதவாவிட்டாலும் இதற்குத் தோதானது.

மேல்மண்ணை ஒரு குச்சியால் மெல்லக் கிளறி, தண்டு வேராகப் பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நர்சரிச் செடிகளில் பெரும்பாலும் அது ஓரிரு அங்குலம் புதைந்திருக்கும். அப்புறம் தொட்டியின் ஒரு பக்கத்தில் செங்கல் முட்டுக்கொடுத்துச் சாய்த்துவையுங்கள். நேராக நிற்கும்போது கிறிஸ்துமஸ் மரம் மாதிரி தெரிந்த செடி, 30 டிகிரி சாய்ந்ததும் வேறு மரமாகிவிடும். என்னுடைய மரம் ஒரு மாதம் சமையலறை ஜன்னலுக்கு நேரே அப்படித்தான் சாய்ந்து நின்றது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் பட்டது. முன்பக்கம் என்று நான் முடிவுசெய்து வைத்திருந்தது உண்மையில் பின்பக்கம் என்று மூன்றாவது வாரம்தான் புரிந்தது. அதற்குள் வெட்டியிருந்தால் எனக்கு வேண்டிய கிளைதான் முதலில் போயிருக்கும்.

கோடு மனதில் பதிந்த பிறகு, டிசம்பர், ஜனவரி குளிரில் தண்டை வளைக்கலாம். கூடவே வேண்டாத கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கலாம். அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு பங்கு. தொட்டி மாற்றும் வேலையை அதே ஆண்டில் சேர்க்கக் கூடாது. ஐந்து ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டால் அவசரம் வராது.

வயர் சுற்றி வளைத்து ஆறு மாதம் வைத்திருந்தேன். எடுத்த மறுநாளே தண்டு பழையபடி நிமிர்ந்துவிட்டது. என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை, தேவதாருவின் சுபாவம் அது. இளங்கிளை நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் படிய நாளாகும். இரண்டு மூன்று தடவை வயர் சுற்ற வேண்டியிருக்கும். பழைய தடத்தின்மேலேயே சுற்றாமல் இடம் மாற்றிச் சுற்றுங்கள். பட்டையில் வயர் பதியத் தொடங்கினால், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். முறுக்கிப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

கட்டைவிரல் தடிமனுள்ள தண்டுக்கு வயர் மட்டும் போதாது. வெளிநாட்டில் ராஃபியா நார் சுற்றுவார்கள். நான் வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் அலுமினிய வயரை இரட்டையாக ஓட்டுகிறேன். வளைக்கும்போது இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உட்பக்கம் முட்டுக்கொடுத்து, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். 'நெறுக்'கென்று மெல்லிய சத்தம் கேட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

கீழ்க்கிளைகளை ஒரே நாளில் வெட்டி, மண்ணை உதறி, சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். இரண்டு வாரமாக ஊசி இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. பிழைக்குமா?

என் முதல் தேவதாருவை நானும் இப்படித்தான் இழந்தேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வேரைக் கலைத்தால் ஊசியை உதிர்ப்பது இந்த மரத்தின் வழக்கம். எல்லாம் உதிர்ந்தாலும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டில் ஓரிடத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து, கிளையில் ஊசிக்கொத்து இருந்த குட்டை மொட்டுகள் புடைப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

காற்று அடிக்காத, வெளிச்சமான நிழலில் வையுங்கள். உரம் கூடவே கூடாது. பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஊசி இல்லாத மரம் தண்ணீரை இழுக்காது, வேர்தான் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வேர் பிடித்ததா என்று ஆட்டியும் பார்க்காதீர்கள்.

திருச்சியில் 'தேவதாரு' என்று விற்றார்கள். ஊசி இலையே இல்லை, தட்டையான சின்ன இலைதான் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது செம்புளிச்சானாக இருக்கலாம். நம் வறண்ட காடுகளில் வளரும் சிறு மரம், அதையும் தமிழில் தேவதாரம், தேவதாரு என்பார்கள். இமயமலைத் தேவதாருவுக்கும் அதற்கும் உறவில்லை. மலை நர்சரிகளில் வேறு குழப்பம்: தேவதாரு 'சீடர்' (cedar) என்ற மர இனத்தைச் சேர்ந்தது, ஆனால் அந்தப் பெயரில் கிரிப்டோமேரியா என்ற வேறொரு மரத்தைக் கொடுப்பார்கள். அசல் சீடரின் முதிர்ந்த கிளையில் ஊசிகள் கொத்துக் கொத்தாக, சின்னத் துடைப்பம் மாதிரி நிற்கும். தேவதாருவின் உச்சி நுனி தொங்கிக்கொண்டிருக்கும்.

சென்னை மாடியில் வளருமா?

வேண்டாம். மேற்கு இமயத்தில் சுமார் 1,500 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் வளரும் மரம் அது, குளிர்கால ஓய்வு வேண்டும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் சமாளிக்கும். சென்னையில் இந்தப் பாணிக்குச் சவுக்கை எடுங்கள். வெயில் தாங்கும், நன்றாக வளையும், வெட்டிய இடத்தில் தாராளமாகத் துளிர்க்கும். தண்ணீர் மட்டும் நிறையக் கேட்கும்.

லண்டனில் நீலச் சீடர் வாங்கினேன். அடியில் ஒரு முண்டு இருக்கிறது. வளர வளர மறையுமா?

மறையாது, அது ஒட்டுப்போட்ட இடம். நீல அட்லஸ் சீடரைப் பெரும்பாலும் தேவதாரு நாற்றின்மேல்தான் ஒட்டுவார்கள். காலப்போக்கில் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் வேறுவேறாகத் தெரியும். வேறு பாணி என்றால் கீழ்க்கிளையால் மறைக்கலாம். லிட்டராட்டியில் அடிமரம் திறந்து கிடப்பதால் கண் நேரே அங்கேதான் போகும். முண்டு பின்பக்கம் போகும்படி முகப்பைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் இந்தச் செடியை வேறு பாணிக்கு வைத்துக்கொண்டு, மண்ணை ஒட்டித் தாழ்வாக ஒட்டுப்போட்ட இன்னொன்றைத் தேடுங்கள்.

கத்தரியால் நுனிகளைச் சீராக வெட்டினேன், ஊசிகளெல்லாம் பழுப்பாகிவிட்டன.

ஊசியின் குறுக்கே வெட்டுப்பட்டால் அப்படித்தான் ஆகும். நீளும் துளிர் இளசாக இருக்கும்போதே நுனியை விரலால் கிள்ளுங்கள்.

எப்போது நல்ல தொட்டிக்கு மாற்றலாம்?

தண்டு படிந்து, கிளைகள் குறைந்து, மரம் ஒரு முழு ஆண்டு தெம்பாக வளர்ந்த பிறகு. மலையில் என்றால் பிப்ரவரி கடைசியில், மொட்டு உப்பும் சமயத்தில். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், பழைய மண்ணை முழுக்க உதறவும் வேண்டாம். 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் சலித்த செங்கல் துண்டும் பருமணலும், ஐந்தில் ஒரு பங்கு மக்கிய உரமும் போதும்.

தொட்டி வட்டமாக, ஆழமில்லாமல், பளபளப்புப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும். நாம் நினைப்பதைவிட ஒரு அளவு சின்னதுதான் இந்த மரத்துக்கு அழகு. ஆனால் உயர மரம், சின்னத் தொட்டி, ஜூன் ஜூலை மலைக்காற்று: மூன்றும் சேர்ந்தால் மரம் கீழே கிடக்கும். வடிகால் துளைகள் வழியாக வயர் விட்டு வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தொட்டியும் கூடவே வர வேண்டும்.