வக்கீல் மேல் தடி விழலாமா? மூத்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்

சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி: சார், 2009-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் என்னதான் நடந்தது?

ஈழப் போரைக் கண்டித்து நாங்கள் கோர்ட் புறக்கணிப்பில் இருந்த சமயம். பிப்ரவரி 17 அன்று, சிதம்பரம் கோயில் வழக்குக்கு வந்த சுப்பிரமணியன் சுவாமி மேல் நீதிபதிகள் கண்ணெதிரிலேயே சில வக்கீல்கள் முட்டை வீசினார்கள். 19-ஆம் தேதி அதற்காகக் கைது செய்யப் போலீஸ் வளாகத்துக்குள் வந்தது. வாக்குவாதம், கல்வீச்சு, தடியடி. நீதிபதி ஆறுமுகப்பெருமாள் ஆதித்தனுக்கே அடிபட்டது. வளாகத்துக் காவல் நிலையம் எரிந்தது.

கடைக்காரர், வேலூர்: கல்லெறிந்தால் அடி விழத்தானே செய்யும்?

எறிந்தவரைப் பிடித்து உள்ளே போடுங்கள், கருப்பு கோட்டைப் பார்க்காதீர்கள். ஆனால் தடி கூட்டத்தைக் கலைக்க மட்டும்தான். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 129-ஆவது பிரிவும், அதற்குப் பதிலாக வந்த இன்றைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 148-உம் ஒன்றையே சொல்கின்றன: முதலில் கலையச் சொல், கேட்காவிட்டால் பலத்தைக் காட்டு. ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பதும், நிறுத்தி வைத்த பைக்கை நொறுக்குவதும் எந்தக் கூட்டத்தைக் கலைக்க? அது தண்டனை. தண்டனை கொடுக்கிறவர்கள் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசகர், மதுரை: ஸ்ரீகிருஷ்ணா அறிக்கை உங்களைத்தானே சாடியது?

ஆமாம், கடுமையாகவே. அந்த மோதலை விசாரிக்க உச்ச நீதிமன்றம் நியமித்த முன்னாள் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தந்த இடைக்கால அறிக்கை அது. எங்களுக்குக் கசந்தது. முட்டை விஷயத்தில் அவரை மறுக்க என்னிடம் வாயில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நான்கு உயர் போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கைக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

இளம் வழக்கறிஞர், சேலம்: அண்ணா, போலீஸ் மேல் நாமே நேராக வழக்குப் போட்டால்?

கூட்டத்தைக் கலைக்கும்போது செய்தது என்றால் அரசின் அனுமதி வேண்டும் தம்பி. முன்பு பிரிவு 132, இப்போது 151. அங்கேதான் கோப்பு தூங்கும். நீதிமன்ற அவமதிப்புக்கு அந்தப் பூட்டு இல்லை. குஜராத்தின் நடியாடில் 1989-ல் ஒரு மாஜிஸ்திரேட்டையே போலீஸ் கைவிலங்கு மாட்டி, கயிற்றால் கட்டியது. 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரிகளை அவமதிப்புக்காகத்தான் தண்டித்தது.

இல்லத்தரசி, கோவை: வக்கீல்கள் ஸ்டிரைக் செய்யலாமா?

அரிதினும் அரிதான நிலை தவிர, கூடாதம்மா. 2002-ல் ஹரீஷ் உப்பல் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. நாங்கள்தான் கேட்பதில்லை.

மாணவர், சென்னை: இப்போது வளாகத்தில் காவல் யார்?

2015 நவம்பரிலிருந்து மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. இன்று நானும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.