டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேட்டவர் பழைய டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை, ஃபில்டர் அடைத்திருக்கும் என்கிறார்களாம். அதை வீட்டிலேயே மாற்றலாமா, வீட்டில் இருக்கும் பெட்ரோல் வேகன் ஆருக்கும் அதே முறைதானா என்பது கேள்வி.

டீசல் வண்டிக்கு மாற்றலாம், தாராளமாக. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பெரிய வேலையே இல்லை. உள்ளே புகுந்த காற்றை, அதாவது ஏரை, வெளியேற்றுவதுதான் வேலை. பெட்ரோலுக்கு என் பதில் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். என் ரிட்ஸிலும் உங்கள் ஸ்விஃப்டில் இருக்கும் அதே ஃபியட் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின்தான். எங்கள் ஊரில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கேரளத்தில் டீசல் விலை தமிழ்நாட்டைவிட அதிகம். 2023 ஏப்ரலில் இருந்து லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. அதனால் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது இங்கே வழக்கம். அது வரைக்கும் சரி. சிலர் கூடவே கேனிலும் பிடித்து வந்து தொழுவத்தில் வைத்து, தேவைப்படும்போது ஊற்றுகிறார்கள். கேனின் அடியில் இருக்கும் துரு, மண், தண்ணீர் எல்லாம் நேரே ஃபில்டருக்குத்தான் போகும். நீங்களும் அப்படிச் செய்பவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் இதே கதிதான்.

வாங்குவதற்கு முன் ஃபில்டர்தான் குற்றவாளியா என்று பாருங்கள். அடைத்த ஃபில்டரோடு வண்டி ஐடிலில் சமர்த்தாக நிற்கும், சமதரையிலும் ஓடும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதுதான் எஞ்சின் கூடுதல் டீசல் கேட்கும். அங்கே மூச்சு முட்டும். இழுக்காததோடு கரும்புகையும் கொட்டினால் காற்றுப் பக்கம் சந்தேகப்படுங்கள்: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். டீசல் போதாத வண்டி கரும்புகை விடாது.

இன்னொரு செலவில்லாத சோதனை. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், எஞ்சின் ஆறியபின் அதைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தனியாகத் தங்கிவிடும். சில நேரம் அதை வடித்தாலே வண்டி சரியாகிவிடும்.

மாற்றுவதுதான் என்றால் நல்ல கடையில், வண்டியின் மாடலும் வருடமும் சொல்லி வாங்குங்கள். பழைய ஃபில்டரில் தண்ணீர் சென்சார் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கூட வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். "சேட்டா, ஓ-ரிங் தனியா உண்டோ?" என்று நான் கேட்காமல் வருவதில்லை.

வேலை எஞ்சின் அறைக்குள்தான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். குழாய்கள் இருக்கும் நிலையைப் போனில் படம் எடுத்து, எது உள்ளே போவது, எது வெளியே போவது என்று டேப் ஒட்டி வையுங்கள். அடியில் பழைய துணியைத் திணியுங்கள். ஆல்டர்னேட்டர் மேலும் பெல்ட் மேலும் டீசல் வழியக் கூடாது. பிளாஸ்டிக் கிளிப்புகளை ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், வயதான பிளாஸ்டிக் பட்டென்று உடையும். குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு காதையும் அமுக்கி, அப்புறம் இழுத்தால் வந்துவிடும். புது ஓ-ரிங்கில் டீசலைத் தடவி மாட்டுங்கள். ஃபில்டர் மேல் அம்புக்குறி இருந்தால் அது எஞ்சினுக்குப் போகும் குழாயைப் பார்த்து இருக்க வேண்டும்.

கண்டிப்பாகத் தொடக் கூடாத ஒன்று, எஞ்சின் மேல், டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்கள். நம்முடையது காமன் ரெயில் எஞ்சின், எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும்; அங்கே அழுத்தம் ஆயிரம் பாரை (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு) தாண்டும். பழைய டிராக்டரில் அந்த நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்களே, அந்தப் பழக்கத்தில் இங்கே கை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஏர் எடுக்காமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். ஃபில்டர் தலையிலோ குழாயிலோ கைப்பம்போ ரப்பர் பல்போ இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். அது இல்லாமல் டேங்கில் மின்பம்பு மட்டும் இருந்தால், பேட்டரியை மாட்டி, சாவியை ஆனில் சில நொடி வைத்து ஆஃப் செய்யுங்கள். இப்படிப் பல முறை. அப்புறம் செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். முதலில் கொஞ்சம் தடுமாறும், ரேஸ் கொடுக்காமல் விடுங்கள். ஓடியபின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. புது ஃபில்டருக்குள் கேன் டீசலை ஊற்றி நிரப்பும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. சுத்தமான பக்கம் போக வேண்டிய இடத்தில் அழுக்கு விழுந்தால் அது நேரே இஞ்செக்டருக்குத்தான்.

பழைய டீசலைத் தோப்பிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வேஸ்ட் ஆயில் டிரம் இருக்கும், வாங்கிக்கொள்வார்கள்.

இனி வேகன் ஆர். அதில் கை வைக்காதீர்கள் என்பேன். இப்போதைய சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே, பம்போடு சேர்ந்து இருக்கிறது. பெரும்பாலும் அதை அடிக்கடி மாற்றத் தேவையும் இல்லை. டீசல் சிந்தினால் துடைத்துவிடலாம்; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாகத் தரையோடு பரவும், பக்கத்து அறையில் ஒரு சுவிட்ச் போதும் பற்றிக்கொள்ள. வெளியே தனி ஃபில்டர் இருக்கும் பழைய பெட்ரோல் வண்டியில்கூட, பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றக் கூடாது. உங்கள் வண்டியில் டேங்கை இறக்க வேண்டியிருக்கலாம் என்பதால், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகும்போது பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இறக்கச் சுலபம்.